திருகோணமலையில் அபார்ட்மென்ட் ஹோட்டல்: முதன்முறை தங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து கோணேசர் தரிசனத்துக்குக் குடும்பமாக வருகிறவர்கள், மாகாண அலுவலகங்களுக்கு இடமாற்றம் பெற்று வாடகை வீடு அமையும்வரை ஓரிடம் தேடுகிறவர்கள், மடிக்கணினியுடன் வந்து ஒரு மாதம் கடலோரத்தில் இருந்து வேலை பார்க்க நினைக்கிறவர்கள் எனப் பல தரப்பினரும் இப்போது திருகோணமலையில் அபார்ட்மென்ட் ஹோட்டல்களை விசாரிக்கிறார்கள். ஒரே கதவுக்குள் வரவேற்பறை, ஒன்றோ இரண்டோ படுக்கையறை, சிறு குசினி, சலவை இயந்திரம். கீழே வரவேற்பு மேசை, லிப்ட், சில இடங்களில் நீச்சல் தடாகம். படுக்கை விரிப்பு மாற்றவும் நிலம் துடைக்கவும் ஆள் வருவார்கள். மற்றபடி அடுப்பு உங்களுடையது, பாத்திரம் கழுவுவது உங்களுடையது, பல இடங்களில் மின்கட்டணமும் உங்களுடையது.

படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் பலகணியில் நின்றால் கடல் தெரியுமா என்பதை மட்டுமே கேட்கிறார்கள். இந்த ஊரில் கடல் எங்கேயும் ஓடிவிடாது. எங்கே தங்கினாலும் அது பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் தங்கும் நாட்களைச் சுகமாக்குவதும் கெடுப்பதும் குசினி, மின்மானி, தண்ணீர் ஆகிய மூன்றும்தான். அவற்றை முன்கூட்டியே விசாரிக்காமல் யாரும் ஏமாறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில்: உங்களுக்கு இது தேவைதானா?

இரண்டு இரவு தங்கி, கோயிலும் கன்னியா வெந்நீர் ஊற்றும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது வேண்டாம். சாதாரண ஹோட்டல் அறை போதும். காலை உணவும் அங்கேயே கிடைத்துவிடும். குசினிக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் பயன்படாமல் போகும்.

நான்கைந்து இரவுக்கு மேல் என்றால் கணக்கு மாறுகிறது. கைக்குழந்தை, நீரிழிவு அல்லது உப்புக் கட்டுப்பாடு உள்ள முதியவர், விரதம் இருப்பவர் என யாராவது உடன் இருந்தால் இன்னும் மாறுகிறது. அவர்களுக்காக மூன்று வேளையும் வெளியில் சாப்பாடு தேடுவது பெரிய சிரமம். தனியாக வரும் ஒருவருக்கோ, கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும் இளம் தம்பதியருக்கோ குசினியால் பணம் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். இடியப்பமும் சொதியும் சம்பலும் கடையில் வாங்கிச் சாப்பிடுவதுதான் அவர்களுக்கு மலிவு.

எந்தப் பக்கம் தங்குவது?

நகரம் இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடையில் ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருக்கிறது. ஒரு புறம் உட்துறைமுகம். மறுபுறம் டச்சுக்குடாவும் அதற்கு வடக்கே பின்குடாவும். இந்த இரண்டு குடாக்களுக்கும் நடுவே பிரெட்றிக் கோட்டையும், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையும் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. கோயில், சந்தை, பஸ் நிலையம், வைத்தியசாலை எல்லாம் கிட்ட இருக்க வேண்டும் என்பவர்கள் நகருக்குள்ளேயே பாருங்கள். முதியவர்களோடு வருகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். மாலையில் டச்சுக்குடா மணலில் ஊரே வந்து அமர்ந்திருக்கும். அங்கே நடந்தே போய் நடந்தே திரும்பலாம்.

இளையவர்கள் விரும்புவது உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கத்தை. நிலாவெளி வீதியில் நகரிலிருந்து சில கிலோமீற்றர் வடக்கே போனால், பொதுநலவாயப் போர் மயானத்தைத் தாண்டியதும் வீதியின் முகம் மாறுகிறது: கோப்பிக் கடைகள், சுழியோடிப் பயிற்சி நிலையங்கள், கடலைப் பார்த்த உணவகங்கள், புதிய மாடிக் கட்டடங்கள். கடல் அங்கே அமைதியான மாதங்களில் ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். பிள்ளைகளோடு குளிக்க நல்லது. ஆனால் இரண்டு விடயங்களை மனத்தில் வைத்திருங்கள். வெளிநாட்டவர் வரத்துக் குறையும் மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து உணவகங்கள் பல மூடிவிடும். இருட்டிய பிறகு பஸ் குறைவு. ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

உவர்மலை அரச அலுவலகங்களும் விடுதிகளும் நிறைந்த மேட்டுநிலம், அமைதியான இடம். இடமாற்றத்தில் வருகிறவர்களுக்கு ஏற்றது. நிலாவெளி புறாமலைத் தீவுக்குப் படகு எடுப்பவர்களுக்கு வசதி. நகரில் அன்றாட வேலை உள்ளவர்களுக்குத் தூரம்.

காற்றைக் கேட்டு அறையைத் தேர்ந்தெடுங்கள்

வைகாசி முதல் புரட்டாதி வரை திருகோணமலையில் கடல் அமைதியாக இருக்கும். சுற்றுலாக் காலம் அதுதான். அதே மாதங்களில்தான் கச்சான் காற்றும் வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி நிலத்தின் வழியாக இங்கே வந்து சேரும். பிற்பகலில் மேற்குச் சுவர் தொட்டால் சுடும். மேற்குப் பார்த்த அறையில் ஏசி ஓயாமல் ஓடும்; அந்தக் கட்டணம் உங்கள் தலையில் விழுமானால், குறைந்த வாடகை என்று எடுத்த அறை கடைசியில் கூடிய விலையாகிவிடும். கிழக்குப் பார்த்த அறையில் காலை வெயில் மட்டும்தான். மதியத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் நிழல். ஆகவே “கடல் தெரியுமா?” என்று கேட்பதைவிட, “படுக்கையறைச் சுவர் எந்தத் திசை?” என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் பதில் ஒன்றாகவே இருக்கும். ஆனால் கூடம் கடலைப் பார்க்க, படுக்கையறை மேற்கே திரும்பியிருக்கும் வீடுகளும் உண்டு.

ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றும் மழையும். கடல் கொந்தளிக்கும், புறாமலைப் படகுகள் ஓடாது, வாடகை குறையும். கடலில் இறங்காமல் படிக்கவும் எழுதவும் வேலை பார்க்கவும் வருகிறவர்களுக்கு அது நல்ல காலம். புயல் அறிவிப்பை மட்டும் கவனியுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. அந்த மாதங்களில் பணம் திரும்பக் கிடைக்கும் முறையில் மட்டும் முன்பதிவு செய்யுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு, ஆவணி மாதப் பள்ளி விடுமுறை, சிவராத்திரி, கோணேசர் கோயில் மகோற்சவம் நடக்கும் பங்குனி ஆகிய நாட்களில் ஊர் நிறைந்துவிடும். நீண்ட வார இறுதிகளிலும் அப்படித்தான். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர்தானே என்று பலர் கிளம்பிவிடுவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் கேளுங்கள், கேட்டதை ஒரு குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பி “சரி” என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் கதைத்தாலே போதும். பெரும்பாலான இடங்களில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பார். இந்த ஒரு பழக்கம் பிறகு வரும் பிணக்குகளில் பாதியைத் தீர்த்துவிடும்.

முதல் கேள்வி, சொன்ன விலை வரி சேர்த்த விலையா என்பது. வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள இடமென்றால் 18 சதவீத வற் உண்டு. அதற்கு முன்பே 10 சதவீத சேவைக் கட்டணம் ஏறியிருக்கும். கணக்குக்காக ஓர் இரவு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணத்தோடு 22,000, அதன்மேல் வற் 3,960, ஆக 25,960. ஒரு வாரத்துக்கு இந்த வேறுபாடு ஒன்றரை இரவின் வாடகையைவிட அதிகம். எனவே ஒரே கேள்வியாகக் கேளுங்கள்: “நான் போகும்போது கையிலிருந்து மொத்தமாக எவ்வளவு கொடுக்க வேண்டும்?” டொலரில் விலை போட்டிருந்தால், எந்த நாளின் மாற்று வீதத்தில் ரூபாயாக்குவார்கள் என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி மின்சாரம் பற்றியது. ஒரு வாரத்துக்குக் குறைவாகத் தங்கினால் பொதுவாக வாடகைக்குள் அடங்கிவிடும். மாத வாடகை என்றால் மின்மானி பார்த்து அறவிடுவது வழக்கம். 12,000 பீ.ரி.யூ. அளவுள்ள சாதாரண ஏசி, ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் செலவாகும். இரவில் எட்டு மணி நேரம் ஓடவிட்டால் எட்டு அலகு வரை போகலாம், மாதத்துக்கு 240. இரண்டு அறைகளிலும் ஓடினால் அதன் இரு மடங்கு. வீட்டுப் பாவனைக் கட்டணமோ படிப்படியாக ஏறுவது. 180 அலகைத் தாண்டினால் மிக உயர்ந்த படி. ஆகவே, அலகுக்கு என்ன விலை போடுகிறார்கள் என்று எண்ணாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “மின்சார சபை போடுகிற விலைதான்” என்ற பதில் போதாது, ஏனென்றால் கட்டடம் முழுவதற்கும் ஒரே இணைப்பு இருக்கும் இடங்களில் உங்கள் பங்கு எந்தப் படியில் கணக்கிடப்படுகிறது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாவது, வைப்புப்பணம் எவ்வளவு, எந்த நாளில் எந்த வழியில் திரும்ப வரும். நான்காவது, துப்புரவு தினமுமா வாரத்துக்கு இரு முறையா, பாத்திரம் கழுவுவது அதில் அடங்குமா. ஐந்தாவது, மின்தடை ஏற்பட்டால் ஜெனரேட்டர் எதையெல்லாம் ஓட்டும். விளக்கும் மின்விசிறியும் மட்டுமா, ஏசியும் லிப்டுமா? முழங்கால் வலியுள்ள தாயாரை நான்காம் மாடியில் தங்கவைக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதில் மிக முக்கியம். லிப்டுக்கு ஜெனரேட்டர் இல்லை என்றால் முதலாம் மாடியைக் கேட்டுப் பெறுங்கள். காட்சி குறைந்தாலும் பரவாயில்லை.

வேலை செய்ய வருகிறவர்கள் வைபையின் வேகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலிருந்து எடுத்த படம் அல்ல, உங்களுக்குத் தரப்போகும் அறையில் இருந்து எடுத்தது.

வந்து சேரும் நாள்

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் விடியற்காலையில் இறங்குவார்கள். அறை கையில் கிடைப்பதோ பிற்பகல் 2 மணியளவில். நடுவே உள்ள நேரத்துக்கு ஒரு வழி செய்யாவிட்டால், நித்திரையில்லாத பிள்ளைகளோடு பெட்டிகளைக் காவிக்கொண்டு அலைய நேரும். முதல் நாளே அழைத்து, பெட்டிகளை வைக்கவும் குளித்து உடை மாற்றவும் ஓரிடம் தருவார்களா என்று கேளுங்கள். நீச்சல் தடாகம் உள்ள இடங்களில் அதன் பக்கத்தில் குளியலறை இருக்கும், மறுக்க மாட்டார்கள். குளித்துவிட்டுக் கோணேசர் கோயிலுக்கு ஏறிவிடுங்கள். கோட்டை வாசலிலிருந்து கோயில் வரை மான்களின் நடுவே வெயில் ஏறுமுன் நடப்பது, இந்த ஊரில் ஒரு காலையைக் கழிக்க மிகச் சிறந்த வழி. ரயில் சேவை அந்த நாளில் ஓடுகிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன் நிலையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்ளூரவர்கள் தேசிய அடையாள அட்டையையும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அதையும் கையில் வைத்திருங்கள். பதிவு செய்துகொண்டு திருப்பித் தருவார்கள். கடவுச்சீட்டை அவர்களிடமே விட்டுவிட்டு வர வேண்டிய தேவையில்லை.

திறப்பு கிடைத்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதல் பதினைந்து நிமிடத்தை வீட்டைப் பார்க்கச் செலவிடுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ எடுத்தபடி வாசலிலிருந்து உள்ளே போங்கள்: சுவர்க் கறை, சோபாவின் கிழிசல், கண்ணாடிக் கீறல், பாத்திரங்களின் எண்ணிக்கை, மின்மானியின் இலக்கம். ஏசியை ஓடவிட்டு உள்ளே தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள். கடற்காற்றின் உப்பு வெளியிலுள்ள இயந்திரத்தை அரித்துவிடுவதால், கரையோரக் கட்டடங்களில் ஏசி பழுதாவது அடிக்கடி நடப்பது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள், கழிப்பறைத் தண்ணீரை விட்டுப் பாருங்கள், பலகணிக் கதவு சரியாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் பலகணிக் கம்பிகளுக்கு இடையே அவர்கள் தலை நுழையுமா என்பதையும், ஏறி நிற்கக்கூடிய கதிரை ஏதும் அங்கே கிடக்கிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று: புதிய கட்டடங்களில் கதவு அட்டையை உள்ளே ஒரு சிறு பெட்டியில் செருகினால்தான் மின்சாரம் வரும். வெளியே போகும்போது அட்டையை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும். சில இடங்களில் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து அணைந்துவிடுகிறது! ஒரு முறை அட்டையை எடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் இரண்டாவது அட்டை ஒன்று கேளுங்கள். இல்லாவிட்டால் காலையில் வாங்கிய மீன் மாலையில் குப்பைக்குத்தான் போகும்.

கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. தொலைபேசி, கணினி மின்னேற்றிகள் இரண்டையும் தாங்கும். அங்கிருந்து கொண்டுவரும் சோறாக்கும் குக்கரும் முடியுலர்த்தியும் தாங்காது, செருகியவுடன் எரிந்துபோகும். செருகியின் வடிவம் வேறு பிரச்சினை. புதிய கட்டடங்களில் சதுர முனை, பழையவற்றில் வட்ட முனை. இரண்டுக்கும் பொருந்தும் ஒரு மல்டிபிளக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

குசினி

படங்களில் பளபளக்கும் இந்தக் குசினிகள் பலவும் நம் சமையலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. தேநீர் போடவும், முட்டை பொரிக்கவும், நூடில்ஸ் அவிக்கவும் போதுமானவை. அதை அறிந்துகொண்டு போனால் அங்கேயே நல்ல சாப்பாடு சமைக்கலாம்.

அடுப்பிலிருந்து தொடங்குவோம். கரி படியாத கண்ணாடிப் பரப்பு இருந்தால் அது பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்பு. காந்தப் புலத்தால் பாத்திரத்தின் அடியைச் சூடாக்குவது அது. பாத்திரத்தின் அடியில் இரும்பு இருந்தாலொழிய வேலை செய்யாது. மண் சட்டி, அலுமினியச் சட்டி, செம்பு எதுவும் அதில் சூடேறாது. வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு போகிறவர்கள் ஒரு சிறு காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் சமைக்கும், ஒட்டாவிட்டால் சமைக்காது. காஸ் அடுப்பு என்றால், சிலிண்டர் இடையில் தீர்ந்தால் யார் மாற்றித் தருவது, யார் பணம் கொடுப்பது என்று கேட்டுவையுங்கள்.

அடுத்தது தேங்காய். சம்பலும் சொதியும் பாலில் காய்ச்சும் கறியும் இல்லாமல் நம்மவர்களுக்கு ஒரு நாள் போகாது. ஆனால் அழகான இந்தக் குசினிகளில் திருவலை இருப்பது அபூர்வம். கேட்டால் பணியாளர்களின் குசினியிலிருந்து கொண்டுவந்து தரும் இடங்கள் உண்டு, கேட்கத் தயங்காதீர்கள். இல்லையென்றால் தேங்காய்ப்பால் மாப் பொதி கைகொடுக்கும், சம்பலைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஒரு கூரான கத்தி, நெருக்கமான கண்ணுள்ள வடி, சிறு அம்மிக்கு ஈடாக ஓர் உரல்-உலக்கை, மிளகாய்த்தூள் போத்தல் ஆகியவற்றை ஒரு துவாயில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

கோயிலுக்காக விரதத்தோடு வருகிறவர்கள், நேற்று இறைச்சி சமைத்த சட்டியில் இன்று சமைக்க விரும்பமாட்டார்கள். ஹலால் பேணும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே தயக்கம் நியாயமானது. முன்பு தங்கியவர்கள் என்ன சமைத்தார்கள் என்று நிர்வாகத்தால் உறுதி சொல்ல முடியாது. ஒரு சோற்றுப் பானை, ஒரு கறிச் சட்டி, இரண்டு அகப்பை என்று சிறிய தொகுதி ஒன்றை உடன் எடுத்துவருவதே இரு தரப்பினருக்கும் நல்ல தீர்வு. இண்டக்‌ஷன் அடுப்பா என்பதை முதலில் கேட்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீனுக்கு வருவோம், ஏனெனில் திருகோணமலைக்கு வந்து மீன் சமைக்காமல் போவது எனக்கு வருத்தம் தரும் விடயம். நகரச் சந்தைக்குக் காலையில் போங்கள். பாரை, சூரை, சீலா, விளைமீன், கணவாய், இறால், நண்டு என அன்றன்று கிடைப்பதைப் பார்த்து வாங்குங்கள். கடல் அமைதியான மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் கரைவலை இழுப்பார்கள். வலை கரைக்கு வந்ததும் அங்கேயே வாங்கலாம். சந்தையில் வாங்கினால் அங்கேயே வெட்டித் துப்புரவாக்கித் தரச் சொல்லுங்கள்; அதற்குக் கொடுக்கும் சிறு கூலி மிகப் பெறுமதியானது. மூடிய மாடி வீட்டுக்குள் மீன் செதிலும் குடலும் ஓர் இரவு இருந்தால், அந்த மணம் திரைச்சீலைகளில் ஏறி உங்களோடு நாட்கணக்கில் வாழும். பொரிப்பதைவிடக் குழம்பு வையுங்கள். பொரிக்கத்தான் வேண்டும் என்றால் பலகணிக் கதவைத் திறந்து, உறிஞ்சும் விசிறியைப் போட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். வறுத்த மிளகாய்த்தூள் எண்ணெயில் கருகினால் புகை உணரி அலறிவிடும். அதைத் துணியால் மூடிவிட்டுச் சமைப்பது மிக ஆபத்தானது, எக்காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

நான் பரிந்துரைக்கும் முறை இது: காலையும் இரவும் இடியப்பம், புட்டு, ரொட்டி, பாண் எல்லாம் கடையில். மதியச் சோறும் கறியும் மட்டும் வீட்டில். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் வெக்கை நாட்களுக்கு அதைவிட நல்லது இல்லை. பூரணை நாட்களில் இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் அடைத்திருக்கும். நாட்காட்டியைப் பார்த்துச் சாமான் வாங்குங்கள்.

தண்ணீர், குப்பை, நுளம்பு

நகரக் குழாய் நீர் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வருகிறது. கரையோரக் கட்டடங்கள் சில குளிக்கவும் கழுவவும் கிணற்று நீரையும் பயன்படுத்துகின்றன. வறட்சி நாட்களில் அது உவர்த்துப்போகும். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்றால் அது கிணற்று நீர். குசினிக் குழாயில் எந்த நீர் வருகிறது என்று கேளுங்கள். குடிக்கவும் சோறாக்கவும் பெரிய போத்தல் நீர் வாங்கிவைப்பது நல்லது. குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கொதித்தாறிய நீர்தான்.

குப்பையைக் கட்டடத்தில் ஒதுக்கிய இடத்தில் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். இந்த நகரின் வீதிகளிலும் கரையிலும் புள்ளிமான்கள் திரிகின்றன. உணவு மணக்கும் பொலித்தீன் பைகளை அவை அப்படியே விழுங்கிவிடும்; வயிற்றில் பொலித்தீன் அடைத்து இறந்துபோன மான்கள் உண்டு. மானுக்கு நீங்கள் பாண் கொடுப்பதும் அவற்றைக் குப்பைக்குப் பழக்குவதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மழைக்காலத்தில் டெங்கு உண்டு. 2017இல் கிண்ணியாவில் அது பலரை வாட்டியது. யன்னல் வலை கிழிந்திருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். பலகணியில் பூந்தொட்டித் தட்டிலோ ஏசி நீர் வடியும் வாளியிலோ தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

அயலவரும் உறவினரும்

நீங்கள் வந்திருப்பது தெரிந்தால் சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்துவிடுவார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் இரண்டு பேருக்குப் பதிந்த வீட்டில் பன்னிரண்டு பேர் இரவு பத்து மணிவரை இருந்தால் நிர்வாகம் முகம் சுளிக்கும். வெளியார் எத்தனை பேர் வரலாம், எத்தனை மணிவரை, நீச்சல் தடாகத்தில் இறங்கலாமா, ஒருவர் இரவு தங்கினால் மேலதிகக் கட்டணம் எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வாசலில் வைத்து மாமாவையும் மாமியையும் மறிக்கும் நிலை வந்தால் அது உங்களுக்கும் அவர்களுக்கும் மனவேதனை. பெரிய கூட்டம் என்றால் டச்சுக்குடா மணலில் மாலையில் சந்தித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

துப்புரவுக்கு வருகிற பெண்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். “அக்கா” என்று அழைத்து, எந்த நேரம் வந்தால் அவர்களுக்கு வசதி என்று கேளுங்கள். நல்ல இடியப்பக் கடை எது, எந்த ஓட்டோத் தம்பி நியாயமாகக் காசு கேட்பார் என்பதை வரவேற்பு மேசையைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். சேவைக் கட்டணம் அவர்கள் கைக்கு முழுதாகப் போகிறதா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். கடைசி நாளில் நேரடியாகக் கையில் கொடுங்கள்.

மெல்லிய நித்திரைக்காரர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். மார்கழியில் கோயில்களில் விடியுமுன்னே திருவெம்பாவை ஒலிக்கும், பள்ளிவாசலில் சுபஹு பாங்கு ஒலிக்கும், உப்புவெளியில் வார இறுதி இரவுகளில் கடற்கரைப் பாட்டு ஒலிக்கும். இது ஊரின் இயல்பு. வீதியைப் பார்க்காத அறையைக் கேட்டு வாங்குங்கள்.

அவசர நோயாளர் வண்டிக்கு 1990, இலவசம். பொலிஸுக்கு 119. கட்டடத்தின் பெயரையும் வீதியின் பெயரையும் தமிழில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் முகவரி வாயில் வராது.

திரும்பும் நாள்

புறப்படுவதற்கு முதல் நாள் மாலையே கணக்கைக் கேளுங்கள். காலையில் கேட்டால் ரயிலோ பஸ்ஸோ உங்களை அவசரப்படுத்தும். அவசரத்தில் எந்தக் கணக்கையும் சரிபார்க்க முடியாது. மின்மானி இலக்கத்தை அவர்களோடு சேர்ந்து நின்று பாருங்கள், முதல் நாள் வீடியோவில் உள்ள இலக்கத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கறைக்கோ கீறலுக்கோ பணம் கேட்டால், குரலை உயர்த்தாமல் வீடியோவைக் காட்டுங்கள்; அதன்பின் பேச்சு நீளாது. வைப்புப்பணம் வங்கிக்குத் திரும்பும் என்றால் எந்தத் திகதிக்குள் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் மிஞ்சிய தயிர், முட்டை, திறக்காத பருப்புப் பொதி எல்லாவற்றையும் துப்புரவுக்கு வரும் அக்காவிடம் கேட்டுக் கொடுங்கள். திருவலை இரவல் வாங்கியிருந்தால் கழுவி, பல்லைத் துணியால் சுற்றித் திருப்பிக் கொடுங்கள். பலகணிக் கொடியில் துவாயும், செருகியில் மின்னேற்றியும் கிடக்கின்றனவா என்று பாருங்கள். மறந்துவிட்டுப் போகிறவை பெரும்பாலும் இவை இரண்டும்தான். பிறகு கதவைச் சாத்தி, அட்டையை வரவேற்பு மேசையில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.